அகழியைத் தூர்த்துக் கிடங்கு கட்டுகிறார்கள்!

மண்கோட்டையைக் காப்பாற்று! அதைச் சுற்றி உழுகிறவனையும் சேர்த்துக் காப்பாற்று!

   

பெரம்பூரில் பஸ் ஏறுங்கள். மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா, புழல், செங்குன்றம், சோழவரம், காரனோடை என்று வடக்கே வாருங்கள். நெல் மூட்டையைப் போட்டுக்கொண்டு செங்குன்றம் மண்டிக்கு நாமெல்லாம் போய் வந்த ரோடுதான். இன்றைக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் என்ன தெரிகிறது? தகரக் கூரை போட்ட கோடவுன். அது முடிந்தால் இன்னொரு கோடவுன். அதற்குப் பக்கத்தில் மண் கொட்டி மேடாக்கிக் காம்பவுண்டு போட்டு வைத்திருக்கிற காலி இடம். நாளைக்கு அதுவும் கோடவுன். போர்டிலே நல்ல தமிழில் எழுதியிருக்கிறார்கள்: "கிடங்கு".

கிடங்கு என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் என்ன பொருள் தெரியுமா? அகழி! கோட்டையைச் சுற்றி வெட்டி நீர் நிறுத்திய பள்ளத்துக்குத்தான் கிடங்கு என்று பெயர். திண்டிவனத்தில் கிடங்கல் என்றொரு பகுதி இருக்கிறது. சங்க காலத்து நல்லியக்கோடன் என்ற குறுநில மன்னனின் ஊர் அது. ஊர்ப் பெயரிலேயே அகழி நிற்கிறது.

தண்ணீர் நின்ற பள்ளத்துக்கு இருந்த பெயர் இன்று தகரக் கொட்டகைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் போனால் பரவாயில்லை. பள்ளமும் போகிறது, மேடும் போகிறது, பக்கத்தில் உழுகிறவன் பிழைப்பும் போகிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம்.

ஜெயிலுக்கு முன்னே ஒரு கோட்டை

புழல் என்றால் இன்றைக்கு என்ன ஞாபகம் வருது? ஜெயில். இல்லாவிட்டால் சென்னைக்காரன் குடிக்கிற ஏரித் தண்ணீர். 2006-இல் மத்திய சிறை அங்கே வந்தது. ஏரியைச் சென்னைக்குக் குடிநீர்த் தேக்கமாக்கியது வெள்ளைக்காரன் காலத்தில், 1876-இல். அதற்கெல்லாம் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னால் புழல் ஒரு கோட்டத்தின் தலைநகரம்.

தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாக இருந்தது. அதில் ஒன்று புழல் கோட்டம். ஆடு மாடு மேய்த்து வாழ்ந்த குறும்பர்கள் இந்த மண்ணை ஆண்டார்கள், கோட்டத்துக்கு ஒரு கோட்டை வைத்திருந்தார்கள், புழலில் அவர்களுக்கு வலுவான கோட்டை இருந்தது என்பது இந்தப் பக்கத்து மரபு. ஓணன், வாணன் என்று அவர்களுக்கு இரண்டு தலைவர்கள். தொண்டைமான் படையெடுத்து வந்தான், முதலில் தோற்றான், பிறகு ஜெயித்தான். வெற்றிக்கு அடையாளமாக எருக்கந்தூண் இரண்டைக் கொண்டுபோய்த் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் நட்டான் என்கிறார்கள். இன்றைக்கும் கருவறைக்கு முன்னே அந்தத் தூண்களைக் காட்டுகிறார்கள். கும்பிட்டுவிட்டு வருகிறோம்.

கோட்டைத் தூணுக்குக் கோயிலில் இடம் கிடைத்தது. கோட்டைக்கு? புழலுக்குப் போய் விசாரியுங்கள். "மதில் எங்கே? அகழி எங்கே? எந்த சர்வே நம்பர்?" என்று கேளுங்கள். ஒரு பலகை உண்டா? ஒரு வேலி உண்டா? கர்னல் மெக்கன்சி 200 வருஷத்துக்கு முன்னே ஆள் வைத்து ஊர் ஊராகக் குறும்பர் கதைகளை எழுதி வாங்கினார். காகிதத்தில் கதை இருக்கிறது. மண்ணைக் காப்பாற்றத்தான் நாதியில்லை.

மண்கோட்டை என்றால் கேவலமா?

"மண்ணுதானே, என்ன பெரிய கோட்டை?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். மண் வேலை என்னவென்று தெரியாதவன் கேட்கிற கேள்வி அது. ஏரிக்கரை போட்டவனுக்குத் தெரியும், வரப்பு அணைத்தவனுக்குத் தெரியும்.

மண்கோட்டை எப்படி எழும்புகிறது? சுற்றிலும் பள்ளம் வெட்டுகிறோம். வெட்டின மண்ணை உள்பக்கம் போட்டு, தண்ணீர் தெளித்து, மிதித்து, அடித்துக் கரையாக்குகிறோம். வெளியே பள்ளம், உள்ளே மேடு. ஒரே வேலையில் இரண்டு காரியம். மழை வந்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். சண்டை வந்தால் அகழி. சண்டை இல்லாத நாளில் குட்டை. மாடு குடிக்கும், மீன் வளரும், பக்கத்துக் கிணறு ஊறும், வெள்ளம் வந்தால் உள்வாங்கும். கரைமேல் பனையும் முள்ளும் மூங்கிலும் வளர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கொத்தனார் இல்லை, செங்கல் இல்லை. மண்வெட்டி, கூடை, ஊர் ஜனங்களின் தோள்பட்டை, அவ்வளவுதான். வரலாற்றில் ராஜா பெயர் இருக்கும். கூடை சுமந்தவன் நம்ம பாட்டன்.

அந்த மண்ணின் பலம் வெள்ளைக்காரனுக்கே தெரிந்தது. பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டைதான். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டுக் கோட்டையை இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்தார். ஊர் ஜனங்கள் கூடி, சில நாட்களில் கோட்டையைத் திரும்ப எழுப்பிவிட்டார்கள். கல்கோட்டையை அப்படி எழுப்ப முடியுமா? மார்ச் 31-ஆம் தேதி கம்பெனிப் படை மோதித் தோற்றுத் திரும்பியது. மேலும் படையும் பீரங்கியும் வரவழைத்து, மே 24-ஆம் தேதிதான் பிடிக்க முடிந்தது. கோபம் தீராமல் கோட்டையைத் தரைமட்டமாக்கி, உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள். மற்ற பாளையக்காரர் கோட்டைகளையும் இடிக்க அந்த வருஷமே உத்தரவு போட்டார்கள். இப்போது பாஞ்சாலங்குறிச்சியில் நிற்கிற கோட்டை 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

எதிரி பயந்து இடித்தது மண்கோட்டை. நம்ம ஆட்கள் மதிக்காமல் விட்டதும் மண்கோட்டை!

கல்லுக்குக் காவல், மண்ணுக்கு டிப்பர்

நம்ம வடசென்னைப் பக்கமே பாருங்கள். ஹைதர் அலி படை வந்து மிரட்டிய பயத்தில் கம்பெனிக்காரன் கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஒரு சுவர் கட்டினான். அந்தச் சுவருக்கு ஜனங்கள் தலையில் வரி போட நினைத்தான். வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ராயபுரத்துக்குப் பக்கத்தில் அந்தச் சுவரின் மிச்சத் துண்டு மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. பழவேற்காட்டுக்குப் போங்கள். டச்சுக்காரன் கல்லறைத் தோட்டம் அதே துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

நாம் பொறாமைப்படவில்லை. கல்லறையையும் காப்பாற்று, சுவரையும் காப்பாற்று. நாம் கேட்பது ஒரே கேள்வி: கடல் தாண்டி வந்தவன் கல்லறைக்கு இருக்கிற காவல், இந்த மண்ணிலேயே பிறந்து மண் சுமந்தவன் கட்டிய கரைக்கு ஏன் இல்லை?

கல்லாக இருந்தாலும் சாமானியன் ஊர் என்றால் கதை வேறு. கங்கைகொண்ட சோழபுரத்தைப் பாருங்கள். முதலாம் ராஜேந்திர சோழன் கட்டிய தலைநகரம். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட, கோயில் மதிலின் கல்லையே பெயர்த்து எடுத்துப் போனது அன்றைய அரசாங்கம். அரண்மனை இருந்த மாளிகைமேட்டின் செங்கல் காலப்போக்கில் எத்தனையோ பேர் கைக்குப் போனது. நம்ம ஜனங்களும் எடுத்தார்கள், ஒளிக்க வேண்டியதில்லை. 1980-க்குப் பிறகு மாநிலத் தொல்லியல் துறை தோண்டித்தான் அரண்மனைச் சுவர் வெளியே தெரிந்தது. இன்றைக்கும் பக்கத்து ஊருக்குப் பெயர் உட்கோட்டை. கோட்டைச் சுவர் மண்ணுக்குள் போனாலும் ஜனங்கள் வாயில் ஊர் பெயராக ஆயிரம் வருஷம் நின்றிருக்கிறது. அந்த ஊர் ஜனங்கள் யார்? உழவர்கள்!

கோட்டைமேடு, கோட்டைக்கரை, அகழிப் பள்ளம், மாளிகைத் திடல் என்று உங்கள் ஊரிலும் ஏதாவது பெயர் இருக்கும். அடங்கலில் அது வெறும் "தரிசு" என்று இருக்கும், இல்லாவிட்டால் "புறம்போக்கு" என்று இருக்கும். அதிகாரியின் கணக்கில் தரிசு என்றால் யாரும் எடுக்கலாம் என்று அர்த்தம். ரோடு போட மண் வேண்டுமா? கோடவுனுக்கு மேடாக்க மண் வேண்டுமா? ரியல் எஸ்டேட்டுக்கு நிரப்ப மண் வேண்டுமா? "சவுடு மண்" என்று ஒரு பெயர் வைத்து ஒரு பர்மிட்டைக் காட்டினால் போதும். நூறு பேர் நூறு நாள் சுமந்த மண் ஒரு ராத்திரியில் டிப்பரில் ஏறிவிடும்.

மேட்டை வெட்டி எடுக்கிறான். அதே மண்ணைக் கொண்டுபோய் இன்னொரு ஊரில் பள்ளத்தைத் தூர்க்கிறான். ஒரே லாரி இரண்டு ஊரின் குடியைக் கெடுக்கிறது! தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மண் நின்றால், மண் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் வந்து நிற்கும். 2015 டிசம்பரில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மணலிப் பக்கம் வீட்டுக்குள் பார்த்தோம். இன்னும் எத்தனை தடவை பார்க்க வேண்டும்?

பெரியவர் ஒருவர் பட்ட பாடு

சங்கத்து உறுப்பினர் ஒருவர். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். நாளைக்கு அவருக்குத் தொல்லை. முக்கால் ஏக்கர் கழனி. பக்கத்தில் ஒரு பழைய மண்மேடு, அதைச் சுற்றி அரைகுறையாகத் தூர்ந்த பள்ளம். தாத்தா காலத்திலிருந்து மேட்டில் மாடு மேயும், பள்ளத்துத் தண்ணீர் கழனிக்குக் கைகொடுக்கும். ஒரு நாள் உழும்போது பழைய பானை ஓடு, கறுப்பும் சிவப்புமாக வந்தது. நல்ல மனுஷன், எடுத்துப் போய்ப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் காட்டினார். வாத்தியார் எழுதிப் போட்டார்.

வந்தார்கள். பார்த்தார்கள். "இது பழங்கால இடம், இனிமே இங்க ஏர் ஓட்டக் கூடாது" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள். நோட்டீஸ் இல்லை, கையெழுத்து இல்லை. பெரியவர் பயந்துபோய் இரண்டு போகம் கழனியைத் தரிசாகப் போட்டார். மூட்டைக் கணக்கில் நஷ்டம்.

மூன்றாவது போகத்தில் ஒரு ராத்திரி சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால் மேட்டில் பொக்லைன்! வரிசையாக டிப்பர். "யோவ், இது பழங்கால இடம்னு சொல்லியிருக்காங்கய்யா" என்று ஓடினார். "எங்ககிட்ட பர்மிட் இருக்கு பெரிசு, ஓரமா நில்லு" என்றார்கள். விடிவதற்குள் மேட்டில் பாதி போய்விட்டது. புகார் கொடுக்கப் போன இடத்தில், "உன் பட்டா நிலமா அது? உனக்கென்ன?" என்று கேட்டார்களாம்.

பிறகு சங்கம் சொல்லித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். "அந்த சர்வே நம்பர் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டுள்ளதா?" என்று கேட்டார். "அறிவிக்கப்படவில்லை" என்று பதில் வந்தது.

யோசித்துப் பாருங்கள் மக்களே! உழவனைத் தடுக்கும்போது அது தொல்லியல் இடம். லாரியை விடும்போது அது வெறும் சவுடு. அரை அடி ஆழம் போகிற நாட்டுக் கலப்பை குற்றம். பத்தடி வெட்டுகிற பொக்லைன் வளர்ச்சி! என்னங்க நியாயம் இது?

சட்டம் என்ன சொல்லுது?

வாயால் மிரட்டுகிறவர்கள் மிரட்டட்டும். சட்டம் என்ன சொல்கிறது என்று நாம் படித்து வைத்துக்கொள்வோம். 1958-ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டம் இருக்கிறது. மாநிலத்துக்கு 1966-ஆம் ஆண்டின் சட்டம் தனியாக இருக்கிறது. மத்தியச் சட்டத்தில் நமக்கு வேண்டிய விஷயங்கள் நான்கு.

ஒன்று: எந்த இடத்தையும் திடீரென்று பாதுகாக்கப்பட்ட இடம் என்று சொல்லிவிட முடியாது. நான்காவது பிரிவின்படி முதலில் இரண்டு மாத நோட்டீஸ் அரசிதழில் போட வேண்டும். அந்த இடத்தருகே ஒட்டவும் வேண்டும். அதற்குள் சம்பந்தப்பட்ட யாரும் ஆட்சேபணை கொடுக்கலாம். அரசு அதைப் பரிசீலித்த பிறகுதான் அறிவிக்கலாம்.

இரண்டு: அறிவித்த இடத்துக்குள் கட்டடம் கட்டக் கூடாது, குவாரி வைக்கக் கூடாது, அனுமதியில்லாமல் தோண்டக் கூடாது என்று 19-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அதே பிரிவு, மண்ணை ஒரு அடிக்கு மேல் தோண்டாத சாகுபடிக்குத் தடையில்லை என்றும் சொல்கிறது! நெல்லுக்குச் சேடை ஓட்ட ஒரு அடி தாராளம். இந்த ஒரு அடியை உங்களிடம் யாராவது சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள்.

மூன்று: இந்தச் சட்டத்தின்படி அதிகாரிகள் நிலத்துக்குள் வந்ததாலோ, அகழாய்வு செய்ததாலோ, வேறு அதிகாரத்தைப் பயன்படுத்தியதாலோ நிலத்துக்காரருக்கோ அனுபவத்தில் வைத்திருப்பவருக்கோ நஷ்டம் வந்தால், வருமானம் குறைந்தால், மத்திய அரசு ஈடு கொடுக்க வேண்டும். 27-ஆவது பிரிவு. இது பிச்சை இல்லை, உரிமை.

நான்கு: 2010-இல் வந்த திருத்தம். மத்திய அரசு அறிவித்த இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். இது நம்மைக் கடிக்கிற பிரிவு. மாட்டுக் கொட்டாய், மோட்டார் கொட்டாய், மகன் கல்யாணத்துக்கு ஒரு ரூம் என்றால்கூட மாட்டிக்கொள்வோம். இதை மறைத்துவிட்டு உங்களிடம் கைதட்டல் வாங்க நாம் தயாராக இல்லை.

"வேணாம்பா வம்பு" என்கிறவர்களுக்கு

நம்மிலேயே சிலர் சொல்கிறார்கள்: "மேட்டைக் காட்டிக் குடுத்தா நம்ம நிலம் போயிடும். கமுக்கமா இருந்துடலாம்." அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஏரி என்று, சிப்காட் என்று, பைபாஸ் என்று, துறைமுகம் என்று வாங்கின அடி கொஞ்சமா?

ஆனால் அந்தப் பெரியவர் கதையைத் திரும்பப் படியுங்கள். அறிவிப்பு இல்லாததால் அவருக்கு என்ன லாபம் வந்தது? மேட்டைக் காப்பாற்றச் சட்டம் வரவில்லை. ஈட்டுத் தொகை கேட்க வழியில்லை. ஒரு அடி உழலாம் என்று எழுத்தில் காட்ட முடியவில்லை. தடை மட்டும் வாயால் வந்தது. கமுக்கமாக இருந்தால் நிலத்தைக் காப்பாற்றலாம் என்பது கனவு. கமுக்கமாக இருக்கிற ஊருக்குத்தான் டிப்பர் முதலில் வரும்.

கீழடியை நினைத்துப் பாருங்கள். 2015-இல் அகழாய்வு தொடங்கியது. எங்கே தோண்டினார்கள்? தனியார் தென்னந்தோப்பில். நிலத்துக்காரர்கள் இடம் கொடுக்காவிட்டால் கீழடி வெளிவந்திருக்குமா? 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். நமக்கெல்லாம் பெருமை. அந்தப் பெருமைக்கு முதல் மூலதனம் போட்டவர் நிலத்துக்காரர். தமிழன் வரலாறு உழவனின் நிலத்துக்கு அடியில்தான் இருக்கிறது. அப்படியென்றால் வரலாற்றைக் காப்பாற்றுகிற கூட்டத்தில் உழவனுக்கு நாற்காலி எங்கே?

சீமையில் என்ன செய்கிறார்கள்?

நம்ம கோட்டைகளை இடிக்கச் சொன்ன இங்கிலாந்துக்காரன் தன் ஊரில் என்ன செய்கிறான் தெரியுமா?

அங்கேயும் வீட்டைச் சுற்றி அகழி வெட்டி வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. 1250-க்கும் 1350-க்கும் இடையில் அப்படி நிறைய வெட்டினார்கள். பெரிய ராஜா கோட்டை இல்லை. பண்ணைக்காரன் வீடு, ஊர்ப் பெரிய மனுஷன் வீடு, மடம் மாதிரியான இடங்கள். சுமார் 6,000 இடங்கள் கண்டெடுத்துக் கணக்கில் இருக்கின்றன. பல இடங்களில் வீடு போய்விட்டது, சுவரும் போய்விட்டது. வயல் நடுவே ஒரு புல்மேடு, அதைச் சுற்றி ஒரு பள்ளம். நம்ம ஊர் ஆபீசர் பார்த்தால் "தரிசு" என்று எழுதுவார். அங்கே அவற்றில் பலவற்றைத் தேசியச் சின்னமாகப் பட்டியலில் ஏற்றி, 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கிறார்கள். வெறும் மண்ணை!

அந்த நிலத்தில் உழுகிறவனை அடித்துத் துரத்தினார்களா? இல்லை. முன்பே முறையாக நடந்து வந்த உழவை, அதே ஆழத்துக்கு மேல் போகாமல், தொடர விதி உண்டு. "உழவை விட்டுப் புல்லாக வைத்திரு, கரை சரியாமல் பார்த்துக்கொள்" என்று விவசாயியோடு ஒப்பந்தம் போட்டு, வருஷா வருஷம் பணம் கொடுக்கிற திட்டங்களும் உண்டு. அங்கேயும் டிராக்டர் உழவில் அழிந்த மேடுகள் நிறைய. அழிந்த பிறகு கற்ற பாடம் அது: பக்கத்தில் இருக்கிற விவசாயியை எதிரியாக்கினால் மேடு தங்காது, காவலாளி ஆக்கினால் தங்கும்.

நம்ம அரசு சீமையிலிருந்து எதை எதையோ காப்பி அடிக்கிறது. இதைக் காப்பி அடித்தால் என்ன குறைந்துவிடும்?

நாம் கேட்பது என்ன?

1. ஊர் ஊராகக் கோட்டைமேடு, அகழி, பழைய திடல் அத்தனையையும் கணக்கெடு! ஆபீசில் உட்கார்ந்து எடுக்காதே. ஊர்ப் பெரியவர்களையும் உழவர்களையும் கூட வைத்துக்கொண்டு, கால் நடந்து எடு! சர்வே நம்பரோடு புல வரைபடத்தில் குறி!

2. கணக்கெடுத்து முடியும்வரை அந்த இடங்களிலும் சுற்றுப்புறத்திலும் சவுடு, கிராவல், எந்தப் பெயரிலும் மண் அள்ள அனுமதி கொடுக்காதே! கொடுத்திருந்தால் ரத்து செய்!

3. பாதுகாப்பு அறிவிப்பு எழுத்தில் வரட்டும், தமிழில் வரட்டும், எல்லை போட்டு வரட்டும். கிராம சபையில் படித்துக் காட்டி, ஆட்சேபணை கேட்ட பிறகு வரட்டும். வாய்மொழித் தடை செல்லாது!

4. ஒரு அடிக்குள் சாகுபடி செய்யும் உரிமையை அந்த அறிவிப்பிலேயே எழுது! சாகுபடி குறைந்தால், நின்றால், போகத்துக்குப் போகம் ஈட்டுத் தொகை கொடு! குத்தகைதாரருக்கும் கொடு!

5. மாட்டுக் கொட்டாய், மோட்டார் கொட்டாய் போன்ற சாகுபடித் தேவைகளுக்கு 100 மீட்டர் விதியில் தளர்வு கொடு! கோடவுனுக்கும் குடிசைக்கும் ஒரே அளவுகோல் வைக்காதே!

6. தூர்ந்த அகழிகளை நீர்நிலையாகப் பதிவு செய்! தொல்லியல் அறிந்தவர் மேற்பார்வையில், கரை கெடாமல், மேலே படிந்த வண்டலை மட்டும் எடு! அந்த வண்டல் பக்கத்துக் கழனிக்கே போகட்டும். அந்த வேலையும், கரைக் காவலும் உள்ளூர் ஜனங்களுக்கே கிடைக்கட்டும்!

இதில் எது பேராசை? சொல்லுங்கள்.

அடுத்து நாம் செய்ய வேண்டியது

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை. வருகிற கிராம சபைக்கு வெறும் கையோடு போகாதீர்கள். உங்கள் ஊர் மேட்டின் பெயர், சர்வே நம்பர், பள்ளம் எவ்வளவு நீளம், யார் யார் கழனி அதை ஒட்டி இருக்கிறது, எந்தப் பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். செல்போனில் நாலு போட்டோ எடுத்து வையுங்கள். "எங்கள் ஊர் மேட்டிலும் அகழியிலும் மண் அள்ளக் கூடாது, கணக்கெடுத்துப் பாதுகாக்க வேண்டும், உழவர் உரிமையை எழுத்தில் தர வேண்டும்" என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். போட மறுத்தால், மறுத்ததைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்த நகல்தான் நாளைக்கு டிப்பருக்கு முன்னால் நிற்கும்போது நம்ம கையில் இருக்கிற ஆயுதம்.

யாராவது வந்து "இங்க உழக் கூடாது" என்றால் சண்டை போடாதீர்கள். "அரசிதழ் அறிவிப்பைக் காட்டுங்க, எழுத்துல குடுங்க" என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் பத்து ரூபாய் செலவில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். ராத்திரி மண் லாரி வந்தால் தனியாக ஓடாதீர்கள். ஊரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வண்டி நம்பரை எழுதுங்கள், சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். நம்ம வீட்டு வாசலுக்கு மண் வேண்டுமென்று மேட்டில் கூடை வைப்பது, நாலு சென்ட் சேரட்டும் என்று அகழிப் பள்ளத்தில் வரப்பை நகர்த்துவது, இதையெல்லாம் இன்றோடு நிறுத்துவோம். நம்ம கை சுத்தமாக இருந்தால்தான் லாரிக்காரனைப் பார்த்து நிமிர்ந்து பேச முடியும்.

மக்களே! புழல் கோட்டையின் கரையைக் காட்ட இன்று ஒருவர் இல்லை. எருக்கந்தூண் மட்டும் கோயிலில் நிற்கிறது. உங்கள் ஊர் மேடு இன்னும் நிற்கிறது என்றால், அதைச் சுற்றி நீங்கள் மாடு மேய்த்தீர்கள், பக்கத்தில் ஏர் ஓட்டினீர்கள், பனை வைத்தீர்கள் என்பதால்தான் நிற்கிறது. எத்தனை ஆட்சி போனாலும் சம்பளம் வாங்காமல் காவல் காத்தது நாம்தான். காவல்காரனை விரட்டிவிட்டு, திருடனுக்குப் பர்மிட் கொடுக்கிற கூத்து இனி நடக்கக் கூடாது.

கிடங்கு என்றால் தகரக் கொட்டகை என்று படிக்கிற நம்ம பிள்ளைகள், கிடங்கு என்றால் தண்ணீர் நிற்கும் அகழி என்று உங்கள் ஊரிலேயே கண்ணால் பார்க்கட்டும்!

மேட்டை வெட்டாதே! பள்ளத்தைத் தூர்க்காதே!

உழவனைத் தடுத்து லாரியை விடாதே!

மண்கோட்டையும் எங்கள் சொத்து! மண் உழுவதும் எங்கள் உரிமை!

கிராம சபைக்கு வாரீர்! தீர்மானம் போடுவீர்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!